பதினேழாம் நம்பர் கார்

பின்லாந்தின் வடகோடியில், எங்கள் லாப்லாந்து கார்ப் பந்தயத் திடலில் ஒரு விதி உண்டு. ஓடி முடித்த காரை, நிர்ணயித்த விலைக்கு யார் பேரெழுதிச் சீட்டுப் போட்டுக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

பனித்தூறலில், அறிவிப்பாளரான நான் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்.

"பதினேழாம் நம்பர் தாய்ஸ்தோ! உங்க காரைக் கேட்டு சீட்டு வந்திருக்கு!"

"அந்தத் தகர டப்பாவையா? எவன்டா அந்த ஏமாளி?" என்று கூட்டம் சிரித்தது.

"கடைசியா வந்தா கார் இல்லேன்னு ஆயிடுமாடா?" என்றபடி கிழவர் தாய்ஸ்தோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கையசைத்தவாறே மேடையேறினார்.

மைக்கை அணைத்துவிட்டு, மேலே கார் நம்பர் மட்டும் எழுதி மடித்திருந்த சீட்டைப் பிரித்தேன்.

"என்ன தாய்ஸ்தோ, வாங்குறவர் பேரும் உங்க பேராவே இருக்கு?"

"மெதுவாப் பேசும்மா," என்றார். "வீட்டுக்காரி போனதுக்கப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல."