நேரில் வரவும்

பிள்ளைகள் இல்லாததால் கணவனின் உடலோடு செங்கமலமே மின்மயானத்துக்கு வந்திருந்தாள். பல வாரமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவளுக்கு அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. அலுவலக அறைக்கு வெளியே தொங்கிய பலகையைச் சும்மா வாசித்தாள். ‘தகனம் செய்யப்படுபவர் தனது ஆதார் அட்டையுடன் நேரில் வரவும்.’ இன்னொரு முறை வாசித்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடியும் அடங்கவில்லை.

“எல்லாரும் பாக்காங்க மதினி,” என்றான் கொழுந்தன் மாசிலாமணி. அவள் பலகையைக் காட்டினாள். வாசித்துவிட்டு அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

உள்ளிருந்து வந்த ஊழியர், “அடுத்து நீங்கதாம்மா, உடம்பக் கொண்டாரச் சொல்லுங்க,” என்றார். செங்கமலத்தின் சிரிப்பு நின்றது. பலகையில் கீழே இன்னொரு வரியும் இருந்தது. ‘தாமதமாக வருபவர்கள் மறுநாள் எரிக்கப்படுவார்கள்.’

“சார், அவரு ஒரு நாளும் ஒரு எடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல,” என்றாள். “இன்னைக்கும் லேட்டுன்னு வச்சுக்கிட்டு, எங்கள நாளைக்கு வரச் சொல்லுங்களேன்.”

ஊழியர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவளுக்குப் போட்டார்.