அடிமட்டம்

மேசைக்குப் பின்னால் இருந்த நோர்வேஜியப் பெண் பெயர் கேட்டார்.

"இந்திரா."

சொன்ன பிறகுதான் அடையாள அட்டையைப் பைக்குள் தேடத் தொடங்கினாள். அது கையில் அகப்படவில்லை. அந்தப் பெண் காத்திருக்காமல் பட்டியலைப் புரட்டி, பெயர்களின் மேல் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார்.

அடிமட்டத்தைக் கண்டதும் இந்திரா பைக்குள் தேடுவதை நிறுத்தினாள்.

2007 செப்டெம்பர், நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பள்ளிக்கூடம். மூன்று வருடம் வசித்த வெளிநாட்டவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் இதுதான் அவளுடைய முதல் வாக்கு.

பின்னால் நின்ற சிவமலர், இந்திராவின் மாடியிலேயே குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி, சிரித்தாள். "என்ன இந்திரா, சோதனை எழுத வந்த பிள்ளை மாதிரி நிக்கிறீர்?"

சிவமலருக்குத் தெரியாது.

இந்திரா பிறந்த மலைநாட்டின் தலவாக்கலைத் தொகுதி வெள்ளைக்காரன் காலத்தில் வரையப்பட்டது. 1947இல் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்று, தங்களில் ஒருவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த சட்டத்தில் அவர்களுடைய குடியுரிமை போனது, பிறகு வாக்கும் போனது. 1960இல் அந்தத் தொகுதியே இல்லை.

இடையில் 1952 தேர்தலுக்கு அப்பா சலவைச் சட்டையோடு போனார். தோளில் மூன்று வயது இந்திரா. அதிகாரி அடிமட்டத்தைக் கடைசி வரிவரை இறக்கினார். இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் அப்பா. அதிகாரி மறுபடியும் இறக்கினார். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு விரலை இழுத்துக் காட்டுவாள்.

இங்கே அடிமட்டம் பக்கத்தின் அடியைத் தொட்டது.

அந்தப் பெண் இல்லையென்று தலையசைத்தார்.

இந்திரா வாசலைப் பார்த்தாள். போய்விடலாம்.

சிவமலர் அவளுடைய பையைப் பறித்து, கைவிட்டுத் துழாவி, அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

அட்டையைப் பார்த்த பெண் முறுவலித்தார். இந்த நாட்டில் ஆளைக் குடும்பப் பெயரில்தான் தேடுவார்கள். தமிழர்கள் படிவத்தின் அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுப்பது வேறொரு பெயரை. அவர் பல பக்கங்களைத் தள்ளினார். அடிமட்டம் நாலைந்து வரி இறங்கி நின்றது.

"முத்தையா?"

அப்பாவின் பெயருக்கு இந்திரா தலையாட்டினாள்.

அந்தப் பெண் அந்தப் பெயருக்கு நேரே, ஆள் வந்தாயிற்று என்று குறி போட்டார்.