கார் பார்க்கில் நின்றவன்

ஏற்கெனவே கழுவி வைத்த தட்டுகளை பிரையன் மறுபடியும் எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா பகுதியிலிருந்த அந்த அடுக்குமாடியில் புதிதாகக் குடிவருகிறவர்கள் அவனை ஏஞ்சலாவின் மகன் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஞாயிறு தவறாமல் வந்து, சாமான் வாங்கிப் போட்டு, ஜன்னல் துடைத்து, பாத்திரமும் கழுவிவிட்டுப் போகிற பிள்ளை எந்த வீட்டில் கிடைப்பான்?

"போதும் லா, பிரையன். தட்டு தேஞ்சிடப் போவுது. வந்து உக்காரு" என்று கூடத்திலிருந்து ஏஞ்சலா குரல் கொடுத்தார்.

அவன் போகவில்லை. போனால் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிறு அவனைச் சபை மூப்பராக ஏற்படுத்தப் போகிறார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். சொல்லிவிட்டால் இந்த வீட்டுக் கதவு இனி அவனுக்குத் திறக்காது.

மூப்பர் பதவி வந்ததே ஒரு கூத்து. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து கொடுக்கும் நேரத்தில் பிரையன் ஆலயத்துக்குள் இருக்கமாட்டான். வெளியே வெயிலில் நின்று கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருப்பான். அப்பத்தையும் திராட்சரசத்தையும் தொட அவனுக்கு அவ்வளவு பயம்.

சபையாருக்கோ அது தாழ்மையாகத் தெரிந்தது. பிறகு பாஸ்டரிடம் தனியாக வாங்கிக்கொள்வான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். இறைச்சி தொடாதவன், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பவன், மற்றவர்களுக்காக வெளியே நிற்பவன் என்று பாஸ்டர் தங்கராஜு பிரசங்க மேடையிலேயே புகழ்ந்து அவன் பெயரை முன்மொழிந்தார். கை தூக்கியவர்களில் ஏஞ்சலாவும் ஒருவர்.

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு என்று பிரையனுக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்பு, சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டப் பாதையில், சாயங்காலம் ஐந்து மணிக்கே குடித்துவிட்டுக் கார் ஓட்டிவந்து ஏஞ்சலாவின் ஒரே மகன் டெரிக்கின் மோட்டார் சைக்கிள் மீது மோதியவன் அவன்தான். இறங்கிப் பார்த்தான். பையன் அசையவில்லை என்று தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில்தான் தாயின் பெயரைப் படித்தான். அவர் ஜொகூர் பாருவுக்குக் குடிமாறிவிட்டதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, தானும் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டான். அவர் போகும் சபைக்கே போனான்.

அவன் முதன்முதலில் போன அன்று ஏஞ்சலா ஆராதனையின் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். பழைய கால்வலி என்றார்கள். மூன்று ஞாயிறு ஆலயத்துப் பக்கமே வரவில்லை. நான்காவது ஞாயிறு, வலது காலை இழுத்து நடந்து நேராக அவனிடம் வந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் வேலையைத் தேடித் தேடிச் செய்தான். டெரிக்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மட்டும் அவனுக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் செய்தால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தான். எவ்வளவு செய்தும் ஒன்றும் சரியாகவில்லை.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். மழை தூறுகிறது என்று ஜன்னலைச் சாத்தினான். புழுங்குகிறது என்று திரும்பத் திறந்தான். ஏஞ்சலா அதைக் கவனிக்காதவர் போல அன்றைய பிரசங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இரட்சிப்பை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது, அது கிருபையாய்ச் சும்மா கிடைப்பது என்று பாஸ்டர் சொன்னாராம்.

"அது எப்படி ஆண்ட்டி?" என்று பிரையன் குறுக்கிட்டான். "சும்மா கிடைச்சிட்டா செஞ்ச தப்பு என்னாவுறது? செஞ்சவன் அனுபவிச்சுத்தானே ஆகணும்?"

"வாங்கிக்கிறவனுக்குத்தான் அது சும்மா" என்றார் ஏஞ்சலா. "குடுக்கிறவங்களுக்கு அப்படியில்ல."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டான்.

"டெரிக்க மோதினது நான்தான் ஆண்ட்டி."

பிறகு நிறுத்தாமல் கொட்டினான். குடித்ததைச் சொன்னான். இறங்கிப் பார்த்ததைச் சொன்னான். சுற்றிலும் ரப்பர் மரங்களும் ஆளுயர லாலாங் புல்லும்தான், பார்க்க ஒருவரும் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் ஓடினேன் என்றான். நாளைக்குக் காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சரணடையப் போவதாகவும், மன்னிப்புக் கேட்கத் தனக்கு வாயில்லை என்றும் சொல்லி முடித்தான்.

அவர் அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தான். தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"பிரையன்."

திரும்பினான். ஏஞ்சலாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவர் முகத்தில் அவன் எதிர்பார்த்த அதிர்ச்சி கொஞ்சமும் இல்லை.

"பைக்ல டெரிக்குக்குப் பின்னால உக்காந்து வந்தது நான்தான் பா."