விசாரிக்க வந்தவர்

"அன்பரசன்னு ஒருத்தரு உங்க கம்பெனியிலதானே வேலை பார்க்கிறாரு? கல்யாண விஷயமா விசாரிக்கணும்மா."

தேவிப்ரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அரிசி ஆலைக்கு எதிர் ஓட்டலில் அவள் மேஜையைத் தேடி வந்த பெரியவர், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு இன்னைக்கு சென்னை போயிருக்காரு சார்."

"தெரியும். மில்லுல கேட்டேன். அவரு கூட வேலை பார்க்கறது நீங்கதானாமே?"

கூட வேலை பார்க்கிறாள், சரி. அவன்மேல் கொள்ளை ஆசையும் வைத்திருக்கிறாளே! வாய் திறந்து சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. அதற்குள் அவனுடைய சொந்த ஜில்லாவான இந்த ஊரில் யாரோ ஒருவர் தம் பெண்ணுக்கு அவனைக் கேட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

"அதென்னம்மா கன்சல்டிங் வேலை? ஊரான் மில்லுக்கு யோசனை சொல்றதுக்குச் சம்பளமா? எங்க தெருவுல ஓசியிலயே சொல்லுவாங்களே!"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க சார். நாங்க கூடவே இருந்து செஞ்சு காட்டணும். இந்த மில்லுக்கு நெல்லு லாரி எல்லாம் சாயங்காலம் ஒண்ணா வந்து நிக்கும். பௌர்ணமின்னா கேக்கவே வேணாம், மலையைச் சுத்த வர்ற கிரிவலக் கூட்டத்துல ஊருக்குள்ளயே நுழைய முடியாது. வேலை செய்யற பொம்பளைங்க வீட்டுக்குப் போக இருட்டிடும். அன்பரசன் ஒவ்வொரு வியாபாரியாப் போய்ப் பேசி, ஆளுக்கொரு நேரம்னு மாத்தினாரு. இப்ப எல்லாரும் வெளிச்சத்துலயே கெளம்பிடறாங்க. முதலாளிக்கும் செலவு கம்மி."

"உங்களுக்கு இந்த வேலை புடிச்சிருக்கா?"

"ரொம்ப! ஒவ்வொரு ஊர்லயும் ஒரு புதுத் தொழில் கத்துக்கறோமே. வேற எங்க கெடைக்கும்?"

"நல்லது சொன்னீங்க. கெட்டதையும் சொல்லுங்க."

ஒரே ஒரு பொய் போதும். 'குடிப்பாரு' என்றால் பெரியவர் எழுந்தே போய்விடுவார். நாக்கு நுனிவரை வந்ததை அவள் காபியோடு விழுங்கினாள்.

"கெட்டதும் ஜாஸ்திதான் சார். அடுத்த மாசம் எந்த ஊரோ, யாருக்கும் தெரியாது. பொட்டியை முழுசாப் பிரிக்கவே மாட்டோம். தீபாவளியன்னைக்கும் போன் வரும். யோசனை பலிக்கலைன்னா மொத்தத் திட்டும் எங்களுக்குத்தான்."

"அப்போ கட்டிக்கிற பொண்ணு பாடு திண்டாட்டம்தான்."

"இல்ல சார். வேலைதான் அப்படி. ஆளு தங்கம். போன மாசம் தப்பு செஞ்சது நான். முதலாளி கத்தினப்போ, 'ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்'னு முன்னாடி வந்து நின்னாரு. அவரைக் கட்டிக்கப் போறவங்க குடுத்து வெச்சவங்க. தைரியமா உங்க பொண்ணைக் குடுங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை கலங்கலாகத் தெரிந்தது.

"எனக்குப் பொண்ணே கெடையாதேம்மா! ஒரே பையன், அன்பரசன்தான்," என்று பெரியவர் அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். "கட்டினா தேவிப்ரியாவைத்தான்னு வீட்டுல ஒத்தைக் கால்ல நிக்கிறான், ஊர் ஊராச் சுத்தற பொண்ணு நமக்கு வேணாம்னு சொல்லத்தான் வந்தேன், இப்ப உங்கப்பா விலாசத்தை வாங்காம நகர மாட்டேன்!"