புண்ணிய வாசல்

"யாரைக் கேட்டுய்யா பின்வாசலை அடைச்சே?"

தாமஸ் போட்ட சத்தத்தில், சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொத்தனார் அப்பாவு குனிந்த தலை நிமிராமல் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், நேற்றுவரை வாசல் இருந்த இடத்தில், ஈரம் காயாத செங்கல் சுவர் நின்றது.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"பாம்பு வருது சார். அதான்."

"பாம்புக்கு முன்வாசல் தெரியாதா?"

அப்பாவு கழுவின கரணையையே மறுபடியும் கழுவினார்.

ஒரகடம் போகிற வழியில் இருந்த அந்தச் சத்திரத்துக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். வௌவால் குடியிருந்த கட்டடத்தைச் சேவை மையமாக மாற்ற மெட்ராஸிலிருந்து ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் வந்திருந்தது. பால்வாடி, தையல் வகுப்பு, வயசானவர்களுக்கு மதியச் சாப்பாடு. அது 1991. மழை பொய்த்து, வயல் வேலையும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற குடும்பங்களுக்கு இந்த மையத்தை விட்டால் வேறு நாதியில்லை. பொறுப்பாளர் தாமஸுக்கு அந்தக் கவலையிலேயே பாதி முடி நரைத்துவிட்டது.

சத்திரத்தைக் கொடுத்த நாகப்பன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"எங்க தாத்தா கட்டினது சார். ரிப்பேர் பண்ணுங்க, வெள்ளையடிங்க. வாசல், கதவு ஒண்ணும் மாறக்கூடாது. மாறிச்சின்னா சாவியை வாங்கிக்கினு போயிடுவேன்."

அந்த மனிதருக்கு எப்படித்தான் சேதி போனதோ, மத்தியானமே வந்து நின்றுவிட்டார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"இன்னா சார் இது? எங்க தாத்தா காலத்துல நித்தம் ஏழை ஜனங்க கஞ்சி வாங்கின வாசல் சார் இது! புண்ணிய வாசல். இத்தப் போய் அடைச்சி வச்சிகிறீங்களே!"

தாமஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றின வாசலையா இந்தப் பாவி மூடித் தொலைத்தான்!

"இன்னிக்கே தொறந்துடறோம் ஐயா" என்று கையைக் கூப்பியவர், அப்பாவுவின் பக்கம் திரும்பினார். "இடிய்யா அதை."

"என் கையால முடியாது சார்."

"ஏன் முடியாது? சொல்லித் தொலையேன்!"

அப்பாவு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற நாகப்பனைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். கரணையையும் மட்டப்பலகையையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

கலவை சுமந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு பாண்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாரத்தில் நின்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

இவர்களுக்காகத்தானே இந்தப் பாடு படுகிறோம் என்று தாமஸுக்கு மனசு கசந்தது. யாருடைய தயவும் வேண்டாம் என்று அவரே கடப்பாரையை எடுத்தார். பச்சைச் சுவர், சீக்கிரமே சரிந்துவிட்டது. பழைய கதவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே இடத்தில் மாட்டினார்.

அதற்குப் பிறகு அப்பாவு வேலைக்கு வரவே இல்லை. கொழுப்பெடுத்த ஆள், தொலைந்தது சனியன் என்று தாமஸ் வெளியூர்க் கொத்தனாரை வைத்து மிச்ச வேலையை முடித்தார்.

திறப்பு விழாவன்று நாகப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"உங்கம்மா வராங்களாமே சார்? அவுங்க கையாலயே குத்துவிளக்கை ஏத்திடலாம்."

தாமஸ் நெகிழ்ந்துபோனார். அம்மா செல்வமேரிக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான். சின்ன வயசிலேயே மெட்ராஸுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். பத்துப் பாத்திரம் தேய்த்து, மகனை ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்தவள். ஊரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவளைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வரச் சொல்லியிருந்தார்.

நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. விளக்கு காத்திருந்தது. அம்மாவைக் காணோம்.

"வயசான அம்மா ஒண்ணு பின்தெரு ஸ்டாப்புலயே எறங்கிடுச்சே சார்" என்றான் வாட்ச்மேன். "நான் பார்த்தேனே."

தாமஸ் பின்பக்கம் ஓடினார்.

பின்வாசல் படிக்குக் கீழே, வெயிலில், செல்வமேரி நின்றுகொண்டிருந்தாள். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் புடவை. முந்தானை தலையில். செருப்பு கையில்.

"அம்மா! எல்லாரும் முன்னால உனக்காகக் காத்துக்கினு கீறாங்க. இங்க நின்னு இன்னாமா பண்றே?"

"சத்தம் போடாதடா" என்றாள் அவள், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே. "முன்வாசப் பக்கம் நம்ம ஜனம் போவக் கூடாது. அடிப்பாங்க. இங்க நின்னுதான் கஞ்சி வாங்குவோம். நம்ம மேல கை பட்டுடக் கூடாதுன்னு அந்தப் படி மேலேர்ந்து ஊத்துவாங்க. பாதி மேல சிந்தும். சுடும்."

தாமஸ் படியிறங்கி அவள் பக்கத்தில் போனார்.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்பதான் எல்லாம் மாறிப்போச்சே..."

"நானும் அப்படி நெனைச்சுக்கினுதான்டா வந்தேன்" என்றாள் செல்வமேரி. "பஸ்ஸ வுட்டு எறங்கிப் பார்த்தா, இந்தக் கதவு தொறந்துதான் கீது."