ஐந்தாவது ஆளின் மூச்சு

முன்னோட்ட அறையில் இருந்தவர்கள் மூவர்: தயாரிப்பாளர் செங்கோடன், இயக்குநர் ஜெசிந்தா, ஏசி மெக்கானிக் மரியசூசை.

ஒரு நாவலை முழுதாகப் படித்த ஒருவர் கையெழுத்திடாமல் அதன் படம் வெளிவரக் கூடாது என்பது சட்டம். இந்த விண்வெளி நாவலுக்கு ஊரில் அப்படி அகப்பட்டவர் மரியசூசை மட்டும்தான். ஜெசிந்தாவே சுருக்கத்தைத்தான் படித்திருந்தாள்.

படம் முடிந்தது. விண்வெளியில் சிக்கிய ஐந்து பேரும் மீட்புக் கலத்தில் உயிரோடு பூமிக்குத் திரும்பினார்கள்.

"கையெழுத்தப் போடுங்கண்ணே. வெள்ளிக்கிழமை ரிலீஸ். நம்ம ஸ்டூடியோவுலயே உங்களுக்கு நிரந்தர வேலை," என்றார் செங்கோடன்.

"அந்தக் கலத்துல காத்து நாலு பேருக்குத்தான சார் இருந்துச்சு? அஞ்சாவது ஆளு எப்படி மூச்சு விட்டுச்சு?"

"ஜனங்க அதையெல்லாம் எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

"எழுதினவரு எண்ணியிருக்காரு சார். நானும் காத்த அளந்துதான் பொழைக்கிறேன்." பேனாவை மேசையில் வைத்தார் மரியசூசை.

தருவதாகச் சொன்ன வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறார். தன் படத்தை இவ்வளவு மதித்துப் பார்த்தவர் வேறு யாருமில்லை என்பது ஜெசிந்தாவுக்கு உறைத்தது. சொன்னதைப் படமாக்கித் தரும் இயந்திரத்திடம், நாவலில் உள்ள முடிவையே படமாக்கச் சொன்னாள்.

இரண்டு நிமிடத்தில் திரை மறுபடி ஒளிர்ந்தது. ஐவரில் ஒருத்தியான இன்ஜினியர் பெண் மற்ற நால்வரையும் கலத்துக்குள் தள்ளினாள். மரியசூசை பேனாவை எடுத்தார். திரையில் அவள் வெளியிலேயே நின்று கலத்தின் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.