கேக் மேல் நிற்கும் பெண்

"இவ்வளவு வெளுப்பு வேண்டாம் அண்ணே. பெண்ணு இன்னும் கறுப்பாக்கும்."

ஷெர்லி இப்படிச் சொன்னதும் டெல்னாவுக்குக் காதுமடல் சுட்டது. சொன்னவள் வேறு யாருமல்ல, வருகிற திங்கள்கிழமை அவளுக்கு மாமியாராகப் போகிறவள்.

செங்கல் என்ற ஊரில் சுயம்புவின் வீட்டு முற்றம். பாறசாலை பேக்கரிகளுக்கெல்லாம் கல்யாணக் கேக்கின் உச்சியில் நிற்கிற ஜோடிப் பொம்மைகளுக்கு வண்ணம் அடித்துக் கொடுப்பவர் அவர்தான். விரல் நீளமே இருந்த மணப்பெண், வெள்ளைக் கவுனும் ரோஸ் முகமுமாக அவர் கையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் இந்த ஸ்கின் கலர் டப்பாதான் அம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"நான் சொல்லுதேனே! காவியும் கறுப்பும் கூட்டிப் பாருங்க."

சுயம்பு கலந்து, பொம்மையின் கன்னத்தில் தொட்டுக் காட்டினார். ஷெர்லி டெல்னாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் பூசியிருந்த பவுடரை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"காணாது. இன்னும் ஒரு சொட்டு கறுப்பு."

டெல்னாவின் அம்மா ஜேனட்டுக்குப் பொறுக்கவில்லை. "மைனி, பிள்ளைக்கு மனசு நோவும். மேக்கப் போட நெய்யாற்றின்கரையில இருந்து ஆளு வருது. நல்லா வெளுப்பாக்கித் தருவா."

"அவளையும் வரண்டாம்னு சொல்லிருங்க."

"அப்போ மாப்பிள்ளை?" என்று கேட்டார் சுயம்பு.

"லிண்டோ வெளுப்புதானே. அவன் அப்படியே இருக்கட்டு."

டெல்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். கேக் வெட்டும்போது வீடியோக்காரன் கிட்டத்தில் போய்த்தான் எடுப்பான். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. ஊரே பார்த்துச் சிரிக்கும். இத்தனைக்கும் இந்த மாமியும் அவளைப் போலக் கறுப்புதான். பட்டவளுக்கே இப்படி ஒரு மனசா?

"எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்!" என்றாள் டெல்னா.

ஜேனட் மகளின் வாயைப் பொத்தப் போனாள். ஷெர்லி தடுத்தாள்.

"அவ சொல்லட்டும் மைனி. எனக்க கல்யாணத்தன்னு நான் வாயைத் தொறக்கல்ல. மூணு மணிக்கூறு இருத்தி வெச்சு, வெள்ளை வெள்ளையாப் பூசிவிட்டாவ."

பொம்மையை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள்.

"லிண்டோவுக்கு அப்போ நாலு வயசு. கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். அப்பான்னு சரியாத் தொட்டான். அப்புறம் எனக்க மூஞ்சியைப் பாத்துட்டுக் கேட்டான், 'இது ஆரு? அம்மை எங்கே?'ன்னு."

ஷெர்லி டெல்னாவின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு உனக்க பிள்ளைகளும் அப்படிக் கேக்கப்பிடாது மக்களே. அதாக்கும்."

டெல்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷெர்லியின் கையைப் பிடித்துக்கொண்டு சுயம்புவைப் பார்த்தாள்.

"அண்ணே, அம்மை சொன்ன நிறமே அடிங்க."